பெரட்டுக்கு வந்த பழைய மல்லர்கள்

2019 ஜூலை 23, செவ்வாய்க்கிழமை. மலேசியாவில், செர்டாங் கடைவீதியில் ஒரு சாப்பாட்டுக் கடை. செம்பனைக் குலை லாரி ஓட்டும் என் சின்ன மாமா முதல் நடையை மில்லில் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். மேசையில் சம்பல் கிண்ணத்தின்மேல் சாய்த்து வைத்த கைப்பேசி. அதற்குள் அமெரிக்காவின் டாம்பா நகரில் இன்னும் திங்கட்கிழமை இரவு. நம்மூர் நேரப்படி காலை 8 மணிக்குத் தொடங்கிய அந்த மூன்று மணி நேர நிகழ்ச்சியை வேலைக்கு நடுவில் விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்று நெருங்கும்போது கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. மாமா எழுந்து நின்றுவிட்டார்.

அந்தச் சத்தத்துக்குப் பிறகு யார் வருவார் என்று மல்யுத்தம் பார்த்து வளர்ந்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை. ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டின். அப்போது அவருக்கு வயது 54. அன்று அவர் செய்தது கொஞ்சம்தான். ரிங்குக்குள் வந்தார், பேசினார், சுற்றி நின்ற பழைய ஆட்களோடு பீர் டின்னை உயர்த்தினார். யாரையும் பிடிக்கவில்லை, தூக்கவில்லை, விழவில்லை. அதற்கே அமாலி அரங்கம் அதிர்ந்தது. செர்டாங்கில் மாமாவின் கண்ணும் கலங்கியது.

'ரா ரீயூனியன்' என்று டபிள்யூ.டபிள்யூ.இ. என்ற மல்யுத்த நிறுவனம் பெயரிட்ட நிகழ்ச்சி அது. ஹல்க் ஹோகன், ரிக் பிளேர், ஷான் மைக்கேல்ஸ், ஸ்காட் ஹால், கெவின் நாஷ், மிக் ஃபோலி, டெட் டிபியாசி என்று எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நாம் பார்த்த முகங்களை ஒரே இரவில் கொண்டு வந்தார்கள். அமெரிக்காவில் சராசரியாக 30 லட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். முடிந்ததும் ரசிகர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். என் பிள்ளைப் பருவம் ஒரு ராத்திரிக்குத் திரும்பி வந்தது, அதற்கு நன்றி என்றது ஒரு பக்கம். கிழவர்களைக் காட்டிப் பார்வையாளர் கணக்கை ஏற்றிக்கொண்டார்கள், இன்று ரத்தம் சிந்தும் இளையவர்களை ஓரத்தில் நிறுத்திவிட்டார்கள் என்றது இன்னொரு பக்கம்.

மல்லனைப் பார்த்து ஊர் இரண்டாகப் பேசுவது தமிழுக்குப் புதிதில்லை. புறநானூற்றின் 85ஆம் பாட்டில் நக்கண்ணையார், போர்வைக்கோப் பெருநற்கிள்ளியின் மற்போரைப் பார்த்த ஊரைக் காட்டுகிறார். வெற்றி அவனுக்கே என்கிறார்கள் சிலர், இல்லை என்கிறார்கள் சிலர். இரண்டுமே நல்லவர்கள் சொல்லும் நல்ல சொற்கள்தாம் என்று ஒப்புக்கொண்ட பிறகு, பாட்டில் பேசும் பெண் ஒரு பனைமரத்தை ஒட்டி நின்று தன் கண்ணாலேயே பார்த்துத் தன் தீர்ப்பைச் சொல்கிறாள். ரசிகரின் குரலைப் பற்றி நம் மொழியில் இருக்கும் மிகப் பழைய பதிவுகளில் இது ஒன்று. அவள் நின்ற இடத்தில் நிற்க முடியுமா என்று பார்க்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் மாமாவின் பக்கம். அவர் எழுந்து நின்றது ஒரு அமெரிக்கருக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. தொண்ணூறுகளில் எங்கள் தோட்டத்து லயத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் வீடியோ டெக் இருந்தது. பாரிட் புந்தாருக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் வீடியோ கடையில் ஒரு குஸ்தி கேசட்டை வாடகைக்கு எடுத்துவர வேண்டும் என்பது சொல்லப்படாத சட்டம். வெளிவாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். பால் வெட்டிவிட்டு வந்த பெரியவர்கள் கதவோரம் குந்தியிருப்பார்கள். வர்ணனையாளர் பேசும் ஆங்கிலம் அங்கே பாதிப் பேருக்குப் புரியாது. அது தடையாகவே இல்லை. யார் நல்லவன், யார் நயவஞ்சகன், எந்த நேரத்தில் நடுவர் முதுகைக் காட்டுவார் என்பதெல்லாம் கூத்துப் பார்த்து வந்த வம்சத்துக்குத் தானாகவே தெரியும். புகைக்கூடத்தில் காய்ந்த ரப்பர் சீட்டில் ஒரு கீற்று வெட்டி, நசுக்கிய டின் தகட்டை நடுவில் பொருத்தி, சின்ன மாமா செய்த சாம்பியன் பெல்ட் இன்னும் என் நினைவில் இருக்கிறது. அதன் வாடையும்தான்.

இப்போது அந்த லயம் இல்லை. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். ஆட்கள் கூலிமுக்கும் நிபோங் திபாலுக்கும் தாமான் வீடுகளுக்குப் போனார்கள். அடுத்த தலைமுறை கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டைக்குத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறியது. டெக் வைத்திருந்த வீடு நின்ற இடத்தைக் காட்டச் சொன்னால் மாமாவால்கூட உறுதியாகச் சொல்ல முடியாது. கண்ணாடி உடையும் சத்தம் மட்டும் மாறாமல் இருக்கிறது. தெருக்கூத்தில் துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று வரவுப் பாட்டைத் தொடங்கியதுமே ஊர் நிமிர்ந்து உட்காருமே, அந்த வேலையைத்தான் இந்த நுழைவிசைகள் செய்கின்றன. ஐந்து விநாடிச் சத்தத்துக்குள் ஒரு மனிதனின் கதை முழுவதும், அதைப் பார்த்த திண்ணையும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களும் அடங்கியிருக்கின்றன. மல்யுத்தத் தொழில் கண்டுபிடித்த பெரிய கலைகளில் ஒன்று இது. பழையவர்களை அழைக்கும் நிகழ்ச்சியின் பலம் அத்தனையும் இதில்தான் இருக்கிறது. மாமாவின் கண்ணீரை மலிவான உணர்ச்சி என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வீடு இழந்தவனுக்கு வீட்டின் ஒரு துண்டு கிடைத்தால் அவன் அழத்தான் செய்வான்.

மாமாவுக்கு முந்திய தலைமுறைக்கு இப்படி ஒரு நாள் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களுக்குத் தாராசிங்கும் கிங்காங்கும். இந்த இரண்டு பெயர்களும் மதராசுக்குச் சொந்தமான அளவு நமக்கும் சொந்தம். பஞ்சாபிலிருந்து பிழைப்புத் தேடி நாற்பதுகளின் கடைசியில் சிங்கப்பூருக்கு வந்த தாராசிங், டிரம் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே கிரேட் வேர்ல்டு அரங்கில் மல்யுத்தம் பழகினார். அவர் முதல் பட்டம் வென்றதும் கோலாலம்பூரில்தான். கிங்காங் என்ற எமில் சாயா ருமேனியா மண்ணில் பிறந்து, மலாயாவையும் சிங்கப்பூரையும் தன் களமாக்கிக்கொண்டவர். கார் விபத்தில் காயம்பட்டு 1970இல் சிங்கப்பூரிலேயே இறந்தார். தாராசிங் 1983இல் கோதாவை விட்டு விலகி, ராமாயணத் தொடரில் அனுமனாக வந்து இன்னொரு தலைமுறையின் வீட்டுக்குள் நுழைந்து, 2012இல் மறைந்தார். டபிள்யூ.டபிள்யூ.இ. தன் புகழ்மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தது 2018இல். அவர் உயிரோடு இருந்தபோது ஓர் இசையைப் போட்டு, விளக்கை அணைத்து, அந்த மனிதரை மெல்ல நடந்துவர வைத்திருந்தால் என் தாத்தா எப்படிக் கத்தியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். உயிரோடு இருக்கும்போதே ஒரு கலைஞனைக் கூப்பிட்டு, நீ செய்தது எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது என்று சொல்வது சின்ன காரியம் இல்லை. இந்த ஒன்றுகூடல்களுக்கு ஆதரவாக இதைவிட வலுவான வாதம் எனக்குத் தெரியாது.

அடுத்த பக்கத்துக்கு வருகிறேன்.

தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டு நடக்கும். இருட்டில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள், பெயர் கூப்பிடுவார்கள், கூப்பிட்டதும் குரல் கொடுக்க வேண்டும். ரா ரீயூனியனை முழுசாகப் பார்த்தபோது எனக்கு அந்த வரிசைதான் நினைவுக்கு வந்தது. ஒரு பெயர், ஓர் இசை, ஒரு முகம், ஒரு கூச்சல், அடுத்த பெயர். பலருக்கு மேடைக்குப் பின்னால் நடைபாதையில் அரை நிமிடம் தலையைக் காட்டுவதோடு வேலை முடிந்தது. தோட்டத்துப் பெரட்டில் பெயர் கூப்பிட்டால் அதற்குப் பின்னால் ஒரு நிரை மரமாவது காத்திருக்கும். இங்கே பெயர் கூப்பிடுவதே வேலையாகிவிட்டது. கதை சொல்லத் தெரிந்த ஒரு தொழில், தன் மிகப் பெரிய கதாபாத்திரங்களைக் கையில் வைத்துக்கொண்டு கதை எதுவும் சொல்லாமல் மூன்று மணி நேரத்தை ஓட்டியது பெரிய வீண்.

இதைவிட மோசமாகவும் நடந்திருக்கிறது. 2018 ஜனவரி 22இல் 'ரா' நிகழ்ச்சியின் 25ஆம் ஆண்டு விழாவை நியூயார்க்கில் ஒரே இரவில் இரண்டு இடங்களில் வைத்தார்கள். ஒன்று பார்க்லேஸ் சென்டர். மற்றொன்று 1993இல் அந்த நிகழ்ச்சி பிறந்த மன்ஹாட்டன் சென்டர். பிறந்த இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று விலை கொடுத்து டிக்கெட் எடுத்தவர்கள் பெரும்பாலான நேரம் அங்கே உட்கார்ந்து அடுத்த அரங்கில் நடப்பதைத் திரையில் பார்த்தார்கள். அவர்கள் கோபமாகக் கத்தியதை நன்றிகெட்டதனம் என்று சொல்ல முடியாது. மிகவும் நேசித்தவர்களிடமே அதிகம் வாங்கி, அவர்களுக்கே குறைவாகக் கொடுத்தார்கள்.

டாம்பாவிலும் சில இடங்களில் பழசு உயிரோடு எழுந்தது, மறுக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எந்த நேரமும் பறிக்கலாம் என்ற விதியுள்ள 24/7 பட்டம் அன்று கைமாறிக்கொண்டே இருந்தது. 78 வயதான பேட் பேட்டர்சன் கையிலும் ஒரு சில நிமிடம் இருந்தது. அலுண்ட்ரா பிளேஸ் அதைக் கைப்பற்றியதும் குப்பைத் தொட்டியில் போடப் போனார். 1995 டிசம்பரில், நிறுவனம் மாறியபோது, கையிலிருந்த பெண்கள் பட்டத்தை அவர் நேரலையில் குப்பைத் தொட்டியில் போட்டது தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு கணத்தில் 24 வருடம் திறந்துகொண்டது. போடுவதற்குள் கோடீசுவரன் வேடக்காரரான டிபியாசி வந்து அதை விலைக்கு வாங்கிவிட்டார். அந்தக் காட்சிக்கு யோசித்திருக்கிறார்கள். இரண்டு பழைய பாத்திரங்கள் தங்கள் குணத்தோடு ஒரு புதிய செயலைச் செய்தார்கள். பார்த்தவர்களின் சிரிப்பில் நினைவும் இருந்தது, அடுத்து என்ன என்ற ஆவலும் இருந்தது.

அன்றைய இரவின் சிறந்த காட்சி, பலருக்குப் பிடிக்காமல் போன காட்சி. மிக் ஃபோலி கடந்த காலத்தை நினைத்துப் பேசிக்கொண்டிருந்தபோது விளக்குகள் அணைந்தன. பிரே வயட், 'ஃபீண்ட்' என்ற பேய்முகத்தோடு வந்து, ஃபோலி பல வருடங்கள் தன் ஆயுதமாக வைத்திருந்த தாடைப்பிடியை ஃபோலிமீதே போட்டு அவரை வீழ்த்தினார். கொண்டாட அழைத்த வயதானவரை அடிக்கலாமா என்று வருத்தப்பட்டார்கள். மாமாவும் வருத்தப்பட்டார். எனக்கு அது மரியாதையாகப் பட்டது. ஒரு வாத்தியார் தன் வித்தையை மாணவன் கையில் கொடுத்து, என்மேலேயே போட்டுக் காட்டு, ஊர் உன்னைப் பார்த்துப் பயப்படட்டும் என்று சொன்ன மாதிரி. ஃபோலிக்கு அதனால் எதுவும் குறையவில்லை. வயட்டுக்கு நிறையச் சேர்ந்தது. மற்றவர்கள் பழைய காசைக் காட்டிவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார்கள். ஃபோலி மட்டும் அதைச் செலவழித்தார்.

இதைச் சொல்லும்போது 2005 ஜூன் 12இல் நியூயார்க்கின் ஹாமர்ஸ்டைன் பால்ரூமில் நடந்த 'ஒன் நைட் ஸ்டாண்ட்' நிகழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஃபிலடெல்ஃபியாவில் ஒரு பிங்கோ மண்டபத்தை வீடாக வைத்து வளர்ந்து, 2001இல் திவாலான இ.சி.டபிள்யூ. என்ற சிறிய நிறுவனத்தின் ஆட்களை ஒரு இரவுக்குச் சேர்த்தார்கள். அங்கே யாரும் வந்து கையாட்டிவிட்டுப் போகவில்லை. மல்யுத்தம் செய்தார்கள். சாண்ட்மன் கூட்டத்தின் நடுவே நடந்து வந்தபோது மண்டபம் முழுவதும் அவருடைய பாட்டைப் பாடியது. ரசிகர்கள் அங்கே விருந்தாளிகளாக வரவில்லை, வீட்டுக்காரர்களாக வந்தார்கள். தங்கள் பழைய கூச்சல்களை அதே தாளத்தில் கத்தினார்கள், பிடிக்காதவர்களை விரட்டினார்கள், முடிந்துபோன ஒரு நிறுவனத்துக்கு அது வாழ்ந்தபோது கிடைக்காத அளவு பெரிய வழியனுப்பு விழாவை நடத்திக் கொடுத்தார்கள். ஒன்றுகூடல் என்றால் அதுதான். கூப்பிட்டவர், வந்தவர், பார்த்தவர் மூவரும் வேலை செய்த இரவு.

அந்த வெற்றியே பிறகு வினையாகவும் போனது. கூட்டம் வந்ததைப் பார்த்த டபிள்யூ.டபிள்யூ.இ., 2006இல் இ.சி.டபிள்யூ. பெயரில் வாராந்திர நிகழ்ச்சியே தொடங்கியது. பெயர் இருந்தது, ஆட்கள் சிலர் இருந்தார்கள், அந்த மண்டபமும் அந்தக் கோபமும் இல்லை. 2010இல் சத்தமில்லாமல் மூடினார்கள். நன்றி சொல்லக் கூடிய கூட்டத்தைச் சந்தை என்று தவறாகப் படித்ததன் விளைவு.

இதுவரை சொன்னவை கதை சொல்லும் விதத்தைப் பற்றியவை. இனி சொல்வது கொஞ்சம் கனமானது. பழையவர்களைப் பார்க்க வேண்டும் என்ற நம் ஆசை, அவர்கள் பழையபடியே செய்ய வேண்டும் என்ற ஆசையாக மாறும்போது உடம்பு விலை கொடுக்கிறது. டாம்பா நிகழ்ச்சிக்கு ஆறு வாரம் முன்பு, 2019 ஜூன் 7இல், சவூதி அரேபியாவின் ஜித்தாவில் 54 வயது அண்டர்டேக்கரும் 52 வயது கோல்ட்பெர்க்கும் மோதினார்கள். பெரிய பெயர்கள், முதல்முறை மோதல், கனவு ஆட்டம் என்றார்கள். இரும்புக் கம்பத்தில் மோதி நெற்றி கிழிந்த கோல்ட்பெர்க் நிலைதடுமாறினார். எதிராளியைத் தூக்கிப் போடும்போது பிடி தவறியது. அண்டர்டேக்கர் தலைகுப்புற விழுந்த விதத்தைப் பார்த்தவர்கள் கழுத்து முறிந்துவிட்டதோ என்று பயந்தார்கள். 2022 ஜூலை 31இல் நாஷ்வில் நகரில் தன் கடைசி ஆட்டம் என்று அறிவித்து ரிக் பிளேர் 73 வயதில் ரிங்கில் இறங்கினார். நெஞ்சில் இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி. முகத்தில் ரத்தம். ஆட்டத்துக்கு நடுவில் மயங்கிப் போனதாகப் பிற்பாடு அவரே சொன்னார்.

வயதானவர் ஓர் அடி அடித்தால் உடனே உனக்கு இன்னும் அந்தத் திறமை இருக்கிறது என்ற கூச்சல் ஒன்றை அமெரிக்க ரசிகர்கள் வைத்திருக்கிறார்கள். அன்பில்தான் கத்துகிறார்கள். ஆனாலும் அது ஒருவரை இன்னொரு முறை குதிக்க வைக்கும் கூச்சல். நானும் வீட்டில் உட்கார்ந்து அதைக் கத்தியிருக்கிறேன். ஜித்தா ஆட்டத்தைப் பார்த்த பிறகு கத்துவதில்லை. பிளேருக்கு ரிங்கைத் தவிர வேறு வாழ்க்கை இல்லை, அது அவருடைய விருப்பம் என்பார்கள். விருப்பம் அவருடையதுதான். டிக்கெட் வாங்கியது நாம்.

நினைவு கழுவிக் காட்டும் விஷயத்தையும் தள்ளிவிட்டுப் போக முடியாது. ஹல்க் ஹோகன் கறுப்பினத்தவரைப் பற்றி மிக இழிவாகப் பேசிய ஒலிப்பதிவு 2015இல் வெளியானது. டபிள்யூ.டபிள்யூ.இ. அவரை வெளியேற்றி, 2018இல் திரும்பச் சேர்த்துக்கொண்டது. டாம்பாவில் ஒரு வருடம் கழித்து அவர் வந்தபோது அரங்கம் எதுவும் நடக்காததுபோல் ஆர்ப்பரித்தது. தோல் நிறத்துக்காகவும் லயத்தில் பிறந்ததற்காகவும் பேச்சு வாங்கிய ஒரு சமூகத்தின் பிள்ளைகள் நாம். நம்மிலும் பலர் ஆர்ப்பரித்தோம், ஏனென்றால் அந்தப் பாட்டு முதலில் காதுக்குள் போய்விடுகிறது, யோசனை பிறகுதான் வருகிறது. 2025 ஜனவரி 6இல் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்து இன்டியூட் டோமில் அவர் வந்தபோது கூட்டம் விடாமல் எதிர்ப்புக் குரல் எழுப்பியது. அது அவருடைய கடைசி 'ரா' மேடைகளில் ஒன்றாகிவிட்டது. அதே வருடம் ஜூலையில் இறந்தார். இறந்தவரைக் கடைசியில் அப்படி அனுப்பியிருக்க வேண்டாம் என்று வருந்துகிறவர்கள் உண்டு. அந்தக் கூட்டத்தில் ஒருவரும் அவருடைய பாட்டை மறந்தவர் இல்லை என்றே நினைக்கிறேன். பாட்டோடு அந்த ஒலிப்பதிவையும் சேர்த்து நினைவில் வைத்திருந்தார்கள். முழுசாக நினைப்பவனே நேர்மையான ரசிகன். அந்த நேர்மைக்கு அழகான முகம் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இளையவர்களின் இடம் பற்றிய புகாரில் நியாயம் பாதிதான். 30 லட்சத்தைத் தாண்டிய பார்வையாளர் எண்ணிக்கை அடுத்த வாரமே சுமார் 25 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. வந்தவர்கள் பழையவர்களைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களை நிறுத்தி வைக்கும் வேலை எழுதுகிறவர்களுடையது, அதை ரசிகர் தலையில் கட்டக் கூடாது. ஆனால் நம் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. அதே 2019 ஜூலையில் நம் நாட்டில், ஹிஜாப் அணிந்து மல்யுத்தம் செய்யும் நோர் டயானா, 'ஃபீனிக்ஸ்' என்ற பெயரில் இறங்கி, மலேசியா புரோ ரெஸ்லிங் அமைப்பின் ரெஸில்கான் பட்டத்தை ஆண்களை வென்று பிடித்தார். வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் வரைக்கும் எழுதின. செர்டாங் கடையில் அன்று உட்கார்ந்திருந்த எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

கடைசியாகக் கூலி. இதை விட்டுவிட்டு இந்த விஷயத்தைப் பேசுவதில் எனக்குச் சம்மதமில்லை. டபிள்யூ.டபிள்யூ.இ. தன் மல்லர்களை ஊழியர் என்று வைத்துக்கொள்வதில்லை, தனி ஒப்பந்தக்காரர் என்றே வைத்திருக்கிறது. ஊழியர் இல்லை என்றால் ஊழியருக்குரிய ஓய்வூதியமும் மருத்துவக் காப்பும் இல்லை. வருடத்தில் பெரும்பாலான நாள் ஊர் ஊராகச் சுற்றி, முதுகால் விழுந்து, வலி மாத்திரையில் நாளை ஓட்டியவர்கள் அவர்கள். கர்ட் ஹென்னிக், டேவி பாய் ஸ்மித், எடி குரேரோ, யோகோசூனா ஆகியோர் ஐம்பதைப் பார்க்காமலே போய்விட்டார்கள். ஒன்றுகூடல் வரிசையில் அவர்கள் இருந்திருக்க வேண்டிய இடைவெளிகளைக் காட்டாமல் மறைப்பதற்கும் அந்தக் கூச்சல் பயன்படுகிறது. நம் நாட்டில் இ.பி.எஃப். என்ற ஊழியர் சேமநிதி 1951இலும் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1969இலும் வந்தன. வெள்ளைக்காரத் துரைக்கு வேலை செய்து, நாள்கூலி வாங்கிய என் பாட்டிக்கும் ஓர் இ.பி.எஃப். கணக்கு இருந்தது. சொற்பம்தான். ஆனாலும் நீ இங்கே வேலை செய்தாய் என்பதற்கு ஒரு தாள் இருந்தது.

நிறுவனம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2007இலிருந்து, முன்னாள் மல்லர் எவரும் போதை, குடிப் பழக்கத்திலிருந்து மீள நாடினால் சிகிச்சைச் செலவை ஏற்பதாக அறிவித்துச் செய்தும் வருகிறது. ஒன்றுகூடலுக்கு வருகிறவர்களுக்கு அன்றைய சம்பளமும் கிடைக்கிறது. சிலருக்கு அந்த ஒரு நாள் வெளிச்சம் அடுத்த ஆறு மாதத்துக்குச் சின்னச் சின்ன ஊர் அழைப்புகளைக் கொண்டுவரும். பசித்தவருக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் ரசிகர்கள் இதைவிட நன்றாகச் செய்த ஒரு காரியம் எனக்குத் தெரியும். குடியாலும் காயத்தாலும் நடக்க முடியாமல் கிடந்த ஸ்காட் ஹாலைச் சக மல்லர் டைமண்ட் டாலஸ் பேஜ் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொண்டார். 2013இல் ஹாலின் இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பணம் தேவைப்பட்டபோது உலகம் முழுவதும் இருந்த ரசிகர்கள் இணையத்தில் காசு போட்டார்கள். தோட்டத்தில் ஒருவர் விழுந்துவிட்டால் சம்பள நாளில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் காசு பிரிப்பார்களே, அந்த வேலை. கேட்டதற்கு மேலேயே சேர்ந்தது. அந்தக் காலால்தான் ஹால் அடுத்த வருடம் புகழ்மண்டப மேடைக்கு நடந்தார். அந்தக் காலால்தான் டாம்பாவிலும் நின்றார். அங்கே எழுந்த அத்தனை கூச்சல்களிலும், அவருக்கு எழுந்த கூச்சலுக்கு மட்டும் பின்னால் ரசீது இருந்தது.

டாம்பா மேடைக்கு வந்தவர்களில் பேட்டர்சன் 2020 டிசம்பரில் போனார். பிரே வயட் 36 வயதில், 2023 ஆகஸ்டில். ஹோகன் 2025இல். ஸ்காட் ஹால், மீண்டும் ஓர் இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் வந்த சிக்கலில், 2022 மார்ச் 14இல்.

ஹால் இறந்த செய்தி வந்த மறுநாள் அதே கடையில் மாமாவைப் பார்த்தேன். வாயில் பல்குச்சியோடு ஹால் நடந்துவரும் நடையைப் பற்றிப் பேசுவார், கைப்பேசியில் பழைய ஆட்டத்தைப் போடச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் லாரிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, "ஏன்டா, அவனுக்கு அந்தக் கம்பெனியில இ.பி.எஃப். பிடிச்சாங்களா?" என்று கேட்டார்.

"அவங்களையெல்லாம் கன்ட்ராக்ட் ஆளுங்கன்னு வெச்சிருந்தாங்க மாமா. அது இல்ல."

"முதுகு போறவரைக்கும் விழுந்தானே."

"ஆமா மாமா."

தே வந்தது. அவர் அதைத் தொடாமல் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.